மைக் சொருக இடமில்லாத கேமரா

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவரை என்றாவது கொள்முதல் குழுவில் உட்கார வைப்பார்கள். தேநீரும் முறுக்கும் வரும். மேசையில் மூன்று விலைப்புள்ளிகள் இருக்கும். எல்லோரும் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்புவார்கள், விலை அங்கேதான் இருக்கும் என்பதால். நீங்கள் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், "என்ன, இன்னைக்கு வீட்டுக்குப் போற எண்ணம் இல்லையா?" என்று ஒருவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அஞ்சிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

விருதுநகருக்கு வெளியே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒலி ஒளிப் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பெடுத்ததே இல்லை. ஆனால் பட்டாசு வட்டாரத்தில் சேலை கட்டி, கண்ணாடி போட்டு, கையில் பேனாவும் வைத்திருப்பவள் டீச்சர்தான். மறுத்துப் பயனில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதி. இணையவழிப் பாடம் என்பது எங்கள் பக்கம் அப்போதுதான் வந்திருந்தது. கொஞ்ச நேரப் படத்தைப் பார்க்க, திரையில் சுற்றும் வட்டத்தை நெடுநேரம் பார்க்க வேண்டும். அப்படியும் பட்டாசு ஆலைப் போர்மேன்களுக்கு ஒரு பாதுகாப்புப் பாடத்தைப் பதிவு செய்து இணையத்தில் போடுவது என்று முடிவாயிற்று. சீசனில் போர்மேனுக்கு லீவு கிடையாது. அவனை வகுப்புக்கு வரச் சொல்வதைவிட, வகுப்பை அவன் ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பிவிடலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான். நல்ல யோசனைகள் எல்லாம் கொள்முதல் குழுவுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கேமராவுக்கு நான் எழுதிய விவரக்குறிப்பில் ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தேன். வெளியிலிருந்து மைக் சொருக இடம் இருக்க வேண்டும். குறைந்த விலைக்கு வந்த கேமராவில் அது இல்லை. பிறந்தநாள் கேக் வெட்டுவதைப் பிடிக்கச் செய்த கேமரா அது.

"படம் தெரியும்ல?" என்றார் குழுத்தலைவர்.

"தெரியும் சார்."

"சத்தம் கேக்கும்ல?"

"கேமரா பக்கத்துல நிக்கிறவர் தும்மினா நல்லாக் கேக்கும் சார். தள்ளி நின்னு பாடம் எடுக்கிறவர் குரல்தான் கேக்காது."

"அதுக்கு வேற வழியே கிடையாதா?"

எந்தச் சிக்கலுக்கும் வேறு வழி ஒன்று இருக்கும். அதைச் சபையில் சொல்லாமல் இருக்கத்தான் நம் தொழிலில் யாருக்கும் தெரியாது. எங்கள் கேமராமேன் செல்வம் சொல்லிவிட்டான். விருதுநகர் டவுனில் கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுத்துப் பழகியவன், கெட்டிக்காரன். "சின்ன ரெக்கார்டர் ஒண்ணு வாங்கி, பேசறவர் சட்டைப் பையில போட்டுறலாம் சார். மைக்கைக் காலர்ல குத்திக்கலாம். படம் தனியா, சத்தம் தனியா. அப்புறமா சேத்துக்கலாம்."

எல்லோர் முகமும் மலர்ந்தது. முறுக்குத் தீர்ந்தது. படத்தையும் சத்தத்தையும் பின்னால் சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் கண்ணுக்கும் தெரிந்து காதுக்கும் கேட்கிற மாதிரி ஒரு அடி அடிக்க வேண்டும். சினிமாக்காரர்கள் கட்டை அடிப்பது அதற்குத்தான். அதை அன்றைக்கு யாரும் பேசவில்லை. கட்டைக்கு விலைப்புள்ளி தேவையில்லையே.

பாடம் எடுக்க வந்தவர் வேலுச்சாமி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலை ஒன்றில் போர்மேன். அவர் மேற்பார்வையில் இதுவரை ஒரு விரல்கூடக் கருகியதில்லை என்று பெயர் வாங்கியவர். எங்கள் ஸ்டுடியோவில் உட்கார வைத்தோம். அவர் உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க போர்மேன்."

"இதான் டீச்சர் என் சத்தம். எங்க ரூம்ல யாரும் சத்தமாப் பேச மாட்டோம். வெடிமருந்துல கை வச்சிருக்கவனைப் பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. திடுக்குன்னா கை உரசிரும். சுத்திப் போயி முன்னால நிக்கணும். அவனா நிமிந்து பாக்குறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

கூடவே, கையில் மருந்துத் தட்டு இல்லாமல் தனக்குப் பேச்சு வராது என்றார். ஆலையிலேயே வந்து எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வாங்க. காலி ரூம் ஒண்ணு கடைசியில கெடக்கு. மருந்துக்குப் பதிலா அடுப்புச் சாம்பல் வச்சுச் சொல்லித் தாரேன். ஆனா ஒண்ணு டீச்சர். என் வீட்டுக்காரி பேச்சியம்மா அங்கனதான் பட்டாசுக் குழாய்க்கு மருந்து நெரப்புறா. உங்க சாமானால அவ ஓடுற மாதிரி ஆயிரக் கூடாது. ஓடுறதுதான் எங்களுக்குப் பயம். கையில உள்ளதை வச்சுட்டு ஓடுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன். சத்தம் கேட்டா எவளுக்கும் அது ஞாபகம் வரமாட்டேங்குது."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. முகம் தெரியாத பேச்சியம்மா என் கனவில் ஓடிக்கொண்டே இருந்தாள்.

அதனால் படப்பிடிப்பன்று ஆலை வாசலில் நடந்த சோதனையில் வேலுச்சாமியைவிட நான்தான் கெடுபிடி செய்தேன். செல்போன்களை வாட்ச்மேனிடம் கொடுத்தோம். விளக்குகளைப் பார்த்து வேலுச்சாமி, "சூரியன் ஓசியிலதான டீச்சர் அடிக்குது" என்றார். அவை வேனிலேயே இருந்தன. கேமரா நிற்கும் முக்காலியின் இரும்புப் பாதங்களுக்குப் பருத்தித் துணி சுற்றினோம். செல்வத்தின் பளபளப் பாலியஸ்டர் சட்டை உரசினால் பொறி வரும் என்று அதைக் கழற்றச் சொல்லி, வாட்ச்மேனின் காட்டன் சட்டையை மாட்டிவிட்டார்கள். தோள்பட்டை இவனுக்கு முழங்கை வரை தொங்கியது.

"மாப்பிள்ளை சோக்காத்தான் இருக்காரு" என்று உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள். "பொண்ணுதான் பாக்கணும்."

கட்டையும் சோதனைக்கு வந்தது. ஆசாரியிடம் சொல்லி செல்வம் ஆசையாகச் செய்தது, இரண்டு தேக்குப் பலகை. வேலுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகைகளைச் சேர்த்த கீல் இரும்பு. கூடாது என்றார். கீலைக் கழற்றி, பழைய செருப்பின் தோல் வாரை வெட்டிக் கட்டினான் செல்வம். அதன்பின் எங்களுக்கு மனம் ஆறியது. பொறி வராது, உரசாது, மின்சாரம் கிடையாது. பட்டாசுக்காரர்கள் எதைக் கையில் எடுத்தாலும் நெருப்பு வருமா என்று பார்ப்பார்கள். நான் விதிப்புத்தகத்தில் உள்ளதா என்று பார்ப்பேன். அந்தக் கட்டை எதற்காகச் செய்யப்பட்டது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

வானம் மூடிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு முந்திய சீசன். தாழ்வாரங்களில் காயவைத்த அட்டைப் பெட்டிகளை மழைக்குப் பயந்து உள்ளே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடைசி அறைக்குப் போனோம். வேலுச்சாமி தட்டில் சாம்பலைப் பரப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலரில் மைக், பையில் ரெக்கார்டர். கேமராவைத் தட்டுக்கும் கைகளுக்கும் நெருக்கமாக வைத்தான் செல்வம். ரெக்கார்டர் ஓடியது, கேமரா ஓடியது.

"பாடம் ஒண்ணு" என்று சொல்லி, செல்வம் கட்டையை அடித்தான்.

நல்ல தேக்கு. பட்டென்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வந்தது.

பெரிய சத்தம் வருவதற்கு முன்னால் சின்னச் சத்தம் ஒன்று வரும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சின்னச் சத்தத்துக்குத்தான் ஓட வேண்டும்; பெரியதற்கு ஓட ஆள் இருக்காது. எந்த அறையிலிருந்தும் ஒரு கூச்சல் இல்லை. வெறுங்கால்கள் மண்ணில் ஓடும் சத்தம் மட்டும் நான்கு பக்கமும் கேட்டது. என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்குவதற்குள் வாசல் வழியே பெண்கள் கடந்து போனார்கள். திரும்பிப் பார்த்தேன். வேலுச்சாமியின் இடம் காலி. செல்வம் கையில் கட்டையோடு சுவரோடு சுவராக நின்றான்.

"மேடம், நான் என்ன பண்ணேன்?"

அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

வெளிவாசலுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் கூடினார்கள். வேலுச்சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நடந்தார். கடைசி முகம் வரை போய்விட்டு, முதல் முகத்துக்குத் திரும்பி வந்தார்.

"பேச்சி எங்க?"

காலையில் செல்வத்தைக் கேலி செய்த அதே பெண், வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணாச்சி... நான் கையில தட்டோட ஓடிட்டேன். வாசப்படியில கொட்டிருச்சு. அவ எனக்குப் பின்னால உள்ள இருந்தா."

அவர் ஓடவில்லை. நடந்தார். நானும் ஆலை மேனேஜரும் பின்னால் போய், தூரத்தில் நின்றுவிட்டோம். பேச்சியம்மாவை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். அறைக்குள், வாசலுக்கு ஓரடி உள்ளே, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய தட்டு, பக்கத்தில் தரையில் ஒழுங்காக இருந்தது. வாசற்படி முழுவதும் கொட்டிய மருந்து. அதில் ஓடியவர்களின் கால் தடங்கள், வெளி மண்ணும் கலந்து. மணலும் மருந்தும் காலடியில் உரசினால் என்னவாகும் என்பது அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதியில் வருவதாக இருந்தது.

விதிப்படி ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே வாசல் உண்டு. அந்த விதியின் எண்ணைக்கூட நான் சொல்வேன். அவளுக்குப் பின்னால் எதிர்வாசல் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டிகள் விட்டம் வரை நின்றன.

மேனேஜர், "ஏ பேச்சி, தாண்டி..." என்று தொடங்கினார். வேலுச்சாமி திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். மேனேஜரின் வாய் மூடிக்கொண்டது.

வேலுச்சாமி வாசலுக்கு நேரே குந்தி உட்கார்ந்தார். அவர் சட்டைக் காலரில் இருந்து ஒரு கறுப்பு ஒயர் பைக்குள் இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன். மைக்கின் கிளிப் உலோகம். பையில் பேட்டரி, ஓடுகிற மின்கருவி. குனிந்தால் மைக் கழன்று எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்; ஸ்டுடியோவில் குனிந்தபோது மூன்று முறை விழுந்திருக்கிறது.

கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் நாக்கில் வந்துவிட்டது.

மருந்தில் கை வைக்கப் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது.

வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அறையைச் சுற்றி, பக்கச் சுவரோரமாக, அவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்துக்கு. ஓடவும் கூடாது. நான் நடந்துகொண்டிருந்தபோதே அவர் கை மெல்ல முன்னால் நீண்டது. என் செருப்பில் ஒரு கல் நறநறத்தது. செருப்புகளை அங்கேயே கழற்றிவிட்டுப் போனேன். அந்த இடத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் எத்தனையோ குறிப்பாணைகள் எழுதியிருக்கிறேன். பேசாமல் நின்ற அந்த நேரத்துக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல முடியாது.

அவர் நிமிர்ந்தார். நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு தன் காலரைக் குனிந்து பார்த்தார். நீட்டிய கையை அப்படியே பின்னுக்கு இழுத்து, எழுந்து, பின்னடி வைத்து வந்தார். மைக்கையும் ரெக்கார்டரையும் கழற்றித் தாழ்வாரத்துக் கட்டைச்சுவர் மேல் வைத்தார். மறுபடி போய்க் குந்தினார். அந்த மருந்தை அவர் எப்படி எடுத்தார் என்பதை எழுத மாட்டேன். படித்துவிட்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம். நெடுநேரம் ஆயிற்று. இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் நின்ற இடத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துளி மழை என் கையில் விழுந்தது. பிறகு பேச்சியம்மா துடைத்த படியில் காலை வைத்து, வெளியே வந்தாள்.

என்னைத் தாண்டிப் போகும்போது, "டீச்சர், குடிக்கத் தண்ணி வச்சிருக்கீகளா?" என்றாள். குடித்துவிட்டு செல்வத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் கட்டையைக் கீழே வைக்கவில்லை.

"ஏலே தம்பி, அதைக் கொண்டாலே. அடுப்பெரிக்க ஆகும்."

மறுநாள் கல்லூரியில் குழுவினர் கூடி, பதிவானதை அழித்துவிடலாம் என்றார்கள். பேசியவரைக் கேட்காமல் அழிக்க விதி இடம் கொடுக்காது என்றேன். அப்படி ஒரு விதி உண்டா என்று யாரும் தேடவில்லை. விதிகளைத் தட்டச்சு செய்கிறவள் நான்தான்.

அழிக்கும் முன் என்ன இருக்கிறது என்று பார்க்க, நானும் செல்வமும் படத்தையும் சத்தத்தையும் கட்டையடியில் சேர்த்து ஓடவிட்டோம். திரையில் தட்டு, சாம்பல், இரண்டு கைகள். பட்டென்ற சத்தம். கைகள் துடித்தன. பின்னர் அந்தக் கைகள் தட்டின் விளிம்பைப் பிடித்து, மடியிலிருந்து தூக்கி, தரையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, திரையை விட்டு விலகின. சாம்பல் கலையவில்லை. அது சாம்பல் என்று அவருக்குத் தெரியும். காலையில் அவரே அடுப்பிலிருந்து அள்ளி வந்தது. அடுத்த அறை ஒன்றில் பெண்டாட்டி இருப்பதும் தெரியும். இருந்தும் வைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறார்.

கேமராவை நிறுத்த யாரும் இல்லாததால், படத்தில் அந்தத் தட்டு மட்டும் அசையாமல் இருந்தது. சத்தத்தில் கால்கள், "பேச்சி எங்க?", துணி உரசல், கட்டைச்சுவரில் ரெக்கார்டரை வைக்கும் ஒலி. அதற்குப் பிறகு மெல்லிய குரல்கள்.

"பேச்சி, காலு வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப அப்படியே நில்லு. உக்காராத. சேலைய ஒதுக்காத."

"பின்வாசப் பக்கம் வரவா?"

"அங்கன பெட்டி இருக்குல்ல."

"நீங்கதான மழை வருது அடுக்குங்கன்னு சொன்னீக."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"தீவாளிக்குள்ளயாவது எடுத்துருவீகளா?"

"சிரிப்புக் காட்டாத. கை ஆடும்." பிறகு, "காலையில என்ன கொழம்பு வச்ச?"

"தின்னுட்டுத்தான வந்தீக?"

"தின்னேன். என்னன்னு பாக்கல."

"புளிக்கொழம்பு. இதைக் கேக்க என்னைய இங்கன நிக்க வச்சிருக்கீக."

செல்வம் எழுந்து முகம் கழுவப் போனான்.

கணவன் மனைவி இருவரையும் வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். வேலுச்சாமி தலையைக் குனிந்தபடி கேட்டார். பின்வாசலில் பெட்டி அடுக்கச் சொன்ன இடத்தை வெட்டிவிடும்படி ஆலையிலிருந்து சொல்லியிருந்தார்கள். அது வெளியே போனால் அவர் பேர் போகும், வேலையும் போகலாம். அதையும் சொன்னேன். "வெட்டினா தெரியாது போர்மேன். எங்க வேலையே அதுதான்."

"வெட்டிட்டா, இவ எதுக்கு உள்ளயே நின்னான்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

பேச்சியம்மாவிடம் கேட்டேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல ஒருநா இம்புட்டுப் பேசிருக்கீகளா? டீச்சர், இந்த மிசினு ஒண்ணு எங்களுக்கும் வாங்கிக் குடுங்க."

வெட்டவில்லை, அந்தப் பதிவே முதல் பாடமாயிற்று. வேலையும் போகவில்லை, சீசன் நடுவில் போர்மேனை நிறுத்தும் துணிச்சல் எந்த முதலாளிக்கும் கிடையாது. மீதிப் பாடங்களை ஆலை விடுமுறை நாளில் எடுத்தோம். அதே கேமராதான், மாற்றித் தரவில்லை. கட்டைக்குப் பதில், உதடு ஒட்டிப் பிரிகிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடங்கச் சொன்னேன். உதடு பிரிவதைப் படத்தில் பார்த்து, அந்த ஒலியோடு சேர்த்துவிடலாம். எதைச் சொல்ல என்று யோசித்தவர், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் "பேச்சி" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். அதை மட்டும் வெட்டினோம்.

மலிவான கேமராவால் நல்ல பாடம் கிடைத்ததே என்று குழுத்தலைவர் பிறகு ஒரு கூட்டத்தில் பேசினார். நீங்கள் அப்படிப் புரிந்துகொள்ளாதீர்கள். ஒரு கருவியில் ஒன்று குறைந்தால், அந்தக் குறையை ஈடுகட்ட யார் எங்கே நின்று என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று, அந்த ஆள் போய் நிற்கும் இடம் வரை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் பாடம் வெளியான அன்று, சாத்தூர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அச்சங்குளம் பக்கமிருந்து வந்த போர்மேன்கள். திரையில் ஒரு தட்டுச் சாம்பல் அசையாமல் இருந்தது. "ஆமா. நான்தான் சொன்னேன்" என்ற இடம் வந்தபோது, ஒருவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு வெளியே போனார். பாடம் பிடிக்கவில்லையோ என்று நானும் பின்னால் போனேன். அவர் படிக்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே, கடைசி ரூம் பின்வாசல்ல அடுக்குனது அப்படியேதான் இருக்கா? எடுங்கலே. நான் வந்தபெறகு இல்ல, இப்ப. லோடு கெடக்கட்டும். ஓடாத. மெதுவா எடு."